நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநெறி

நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுநெறி என்பது, விரைந்து செல்லும் பேருந்து, லாரி, கார் முதலிய ஊர்திகளுக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் செல்வோரும், அவர்களோடு சாலையைப் பகிர்ந்துகொள்ளும் பிற ஓட்டுநர்களும் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள், பழக்கங்கள், சாலை மரியாதைகள் ஆகியவற்றின் தொகுப்பு ஆகும். இவற்றுள் சில சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டவை; சில எழுதப்படாத வழக்கங்கள். இக்கட்டுரை இந்திய நெடுஞ்சாலைகளை முதன்மையாகக் கொண்டு இந்நெறியை விளக்குகிறது.

காரில் செல்பவரைச் சுற்றி இரும்புக் கூடும் இருக்கைப் பட்டையும் உள்ளன. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கு இவை இல்லாததால், மோதலின் விசை அவரது உடலையே நேரடியாகத் தாக்குகிறது. எனவே தன்னை மற்றவர் காணும்படியும், தான் அடுத்துச் செய்யப்போவதை மற்றவர் முன்கூட்டியே உணரும்படியும் ஓட்டுவதே இந்நெறியின் அடிப்படை ஆகும்.

பின்னணி

இந்திய ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022 ஆம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். இறந்தவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். நாட்டின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. ஆனால் சாலை இறப்புகளில் 36.2 விழுக்காடு அவற்றில் நிகழ்ந்தது.

இந்திய நெடுஞ்சாலைகளின் கலப்புப் போக்குவரத்து இதற்கு ஒரு காரணம் ஆகும். ஒரே சாலையில் சரக்கு லாரியும், விரைவுப் பேருந்தும், டிராக்டரும், மிதிவண்டியும், சாலையைக் கடக்கும் கால்நடையும் வெவ்வேறு வேகத்தில் இயங்குகின்றன. நெடுஞ்சாலை பல ஊர்களுக்கு உள்ளூர்த் தெருவாகவும் பயன்படுகிறது.

சில விரைவுச்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு இசைவு இல்லை. மும்பை-புனே விரைவுச்சாலை இத்தகையது. பெங்களூரு-மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையிலும் 2023 ஆகத்து 1 முதல் இருசக்கர வண்டிகள் தடை செய்யப்பட்டன. அவை பக்கத்திலுள்ள அணுகுசாலையில் செல்ல வேண்டும். பெரும்பாலான பிற தேசிய நெடுஞ்சாலைகளில் இத்தடை இல்லை.

மோட்டார் சைக்கிள் கண்ணில் படாமை

மோட்டார் சைக்கிள் விபத்துகள் பற்றிய ஆய்வுகளில் முன்னோடியாகக் கருதப்படுவது, 1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஹர்ட் அறிக்கை ஆகும். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஏறத்தாழ 900 விபத்துகளை நிகழ்விடத்துக்கே சென்று ஆராய்ந்தது. அவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வேறோர் ஊர்தியுடனான மோதல்கள். அம்மோதல்களில் மூன்றில் இரண்டு பங்கில், மற்ற ஊர்தியின் ஓட்டுநரே மோட்டார் சைக்கிளுக்கு உரிய வழியுரிமையை மீறியிருந்தார். மோட்டார் சைக்கிளைக் காணாமையோ, மிகத் தாமதமாகக் கண்டமையோ இதற்கு முதன்மைக் காரணம் என அறிக்கை கூறியது.

"பார்த்தும் காணாமை" எனத்தக்க இந்நிலைக்குப் பின்வருவன காரணங்களாகக் கூறப்படுகின்றன.

* முன்னிருந்து பார்க்கும்போது மோட்டார் சைக்கிள் குறுகிய உருவமாகத் தெரிகிறது. சிறிய பொருள் தொலைவில் இருப்பதாகவும் மெதுவாக வருவதாகவும் கண் மதிப்பிடுகிறது. அதனால், வண்டி வருவதற்குள் கடந்துவிடலாம் எனக் கார் ஓட்டுநர் தவறாகக் கணிக்கிறார்.
* காரின் முன்கண்ணாடியின் இருபுறமும் உள்ள தூண்கள் ஒரு மோட்டார் சைக்கிளை முழுமையாக மறைக்கப் போதுமானவை.
* லாரி, பேருந்து ஆகியவற்றின் முன்புறத்துக்கு மிக அருகிலும், பின்புறத்திலும், இடப்பக்கத்திலும் ஓட்டுநருக்குத் தெரியாத பார்வை மறைவிடங்கள் உள்ளன.
* பெரிய ஊர்திகளையே எதிர்பார்த்துத் தேடும் ஓட்டுநரின் மனம் சிறியவற்றைத் தவறவிடுகிறது.

பகலிலும் முகப்பு விளக்கை எரியவிடுதல் இதற்கு ஓர் எளிய தீர்வு. மலேசியாவில் 1992 ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள்களுக்கு இவ்வழக்கம் கொண்டுவரப்பட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல், இயந்திரம் ஓடும்போது முகப்பு விளக்கு தானாகவே எரியும் அமைப்பு புதிய இருசக்கர வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. பகலில் விளக்கு எரியும் வண்டியைக் கண்டு, அணைத்துவிடும்படி விரல்களை விரித்து மூடிச் சைகை காட்டும் பழைய வழக்கம் இதனால் பொருளிழந்தது. வெளிர்நிற அல்லது ஒளிரும் நிற மேலாடையும், ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டைகளும் பயன் தருவன.

வேகமும் நிற்கும் தொலைவும்

ஒன்றிய அரசின் 2018 ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, நடுவே தடுப்புள்ள நான்குவழிச் சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கான உச்ச வேகம் மணிக்கு 80 கி.மீ. ஆகும். நகராட்சி எல்லைக்குள்ளும் பிற சாலைகளிலும் இது 60 கி.மீ. ஆகும். மாநில அரசுகள் இதைவிடக் குறைந்த வரம்பை விதிக்கலாம்.

இடையூறு ஒன்றைக் கண்ட பின் ஓட்டுநர் பிரேக்கை அழுத்த ஏறத்தாழ ஒரு வினாடி ஆகிறது. அந்த ஒரு வினாடியில் வண்டி பழைய வேகத்திலேயே ஓடுகிறது. உலர்ந்த சாலையில், வினாடிக்கு 6 மீட்டர்/வினாடி என்னும் வீதத்தில் வேகம் குறைவதாகக் கொண்டால் நிற்கும் தொலைவு வருமாறு:

* 40 கி.மீ. வேகத்தில்: 11 மீ + 10 மீ = 21 மீட்டர்
* 60 கி.மீ. வேகத்தில்: 17 மீ + 23 மீ = 40 மீட்டர்
* 80 கி.மீ. வேகத்தில்: 22 மீ + 41 மீ = 63 மீட்டர்
* 100 கி.மீ. வேகத்தில்: 28 மீ + 64 மீ = 92 மீட்டர்

வேகம் இரு மடங்காகும்போது, பிரேக்கை அழுத்திய பின் ஓடும் தொலைவு நான்கு மடங்காகிறது என்பதை இதனால் அறியலாம்.

முன்செல்லும் ஊர்தியிலிருந்து குறைந்தது இரண்டு வினாடி இடைவெளி விடுதல் பொது விதி. அவ்வூர்தி ஒரு மரத்தையோ கிலோமீட்டர் கல்லையோ கடந்த கணத்திலிருந்து எண்ணத் தொடங்கி, மோட்டார் சைக்கிள் அதே இடத்தை அடையும் நேரத்தைக் கொண்டு இதை அளக்கலாம். மழையில் இந்த இடைவெளியை இரு மடங்காக்க வேண்டும். லாரியை ஒட்டிப் பின்தொடர்வதில் மற்றொரு தீங்கும் உண்டு. லாரியின் சக்கரங்களுக்கு இடையே கடந்து வரும் பள்ளமோ கல்லோ, தவிர்க்க இயலாத தொலைவில்தான் பின்வருபவரின் கண்ணில் படும்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு, 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வகை மோட்டார் சைக்கிள்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், முன்பே விற்பனையில் இருந்த வகைகளுக்கு 2019 ஏப்ரல் முதலும் இந்தியாவில் கட்டாயமாயிற்று.

சாலையில் இடம் கொள்ளுதல்

இந்தியாவில் ஊர்திகள் இடப்பக்கமாகச் செல்கின்றன. நான்குவழிச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு இடத் தடமே உரியது. வலத் தடம் முந்துவதற்கானது. வலத் தடத்தில் தொடர்ந்து செல்பவர், பின்வரும் விரைவான ஊர்திகளை இடப்பக்கமாக முந்தத் தூண்டுகிறார்.

அதேவேளையில் சாலையின் இட ஓரக் கோட்டை ஒட்டியே ஓட்டுவதும் நன்றன்று. அங்கு மணல் சேர்ந்திருக்கும், லாரிகள் நிறுத்தப்பட்டிருக்கும், எதிர்த்திசையில் வரும் உள்ளூர் வண்டிகளும் அவ்வழியையே பயன்படுத்தும். தாருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள இறக்கத்தில் சக்கரம் சறுக்கினால் மீள்வது கடினம். தடத்தின் நடுப்பகுதியில் ஊர்திகளிலிருந்து சொட்டிய எண்ணெய் படிந்திருக்கலாம். ஆகவே இடத் தடத்துக்குள், கார்களின் சக்கரங்கள் செல்லும் வரியில் ஓட்டுதல் பரிந்துரைக்கப்படுகிறது.

பெரிய ஊர்திகளின் அருகே செல்கையில் ஒரு விதி நினைவிற் கொள்ளத்தக்கது: லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லையெனில், அவருக்கும் மோட்டார் சைக்கிள் தெரியாது. அத்தகைய இடத்தில் நீடிக்காமல் பின்தங்கவோ கடந்து செல்லவோ வேண்டும்.

முந்துதல்

முந்துதல் வலப்பக்கமாகவே நிகழ வேண்டும். முன்செல்லும் ஊர்தி வலப்புறம் திரும்பச் சைகை காட்டிச் சாலை நடுவுக்கு வந்துவிட்டால் மட்டுமே இடப்பக்கமாகக் கடக்கலாம். முறையான முந்துதலின் படிகள் பின்வருமாறு:

* முன்னே தெளிவாகத் தெரியும் தொலைவு போதுமானதா என நோக்குதல்.
* பின்நோக்குக் கண்ணாடியைப் பார்த்த பின், தலையைச் சிறிது திருப்பி வலத்தோளுக்குப் பின்னும் நோக்குதல்.
* இண்டிகேட்டரைப் போட்டு, ஒலிப்பானால் அல்லது விளக்கால் தன் இருப்பை அறிவித்தல்.
* பக்கவாட்டில் போதிய இடைவெளி விட்டு, தயங்காமல் கடத்தல்.
* கடந்துவந்த ஊர்தியின் முகப்பு கண்ணாடியில் முழுமையாகத் தெரிந்த பின்னரே இடத் தடத்துக்குத் திரும்பி, இண்டிகேட்டரை அணைத்தல்.

வளைவு, மேட்டின் உச்சி, குறுகிய பாலம், சாலைச் சந்திப்பு, தொடர்கோடு வரையப்பட்ட பகுதி ஆகிய இடங்களில் முந்தக் கூடாது. முந்தும் லாரியின் பின்னாலேயே ஒட்டிச்சென்று தானும் முந்துவது மிகவும் ஆபத்தானது. எதிரே வருபவருக்கு லாரி மட்டுமே தெரியும். லாரி தன் தடத்துக்குத் திரும்பியதும் சாலை காலியாகிவிட்டதாக அவர் எண்ணுவார்.

நீண்ட லாரி இடப்புறம் திரும்பும்போது முதலில் சற்று வலப்புறம் ஒதுங்கும். அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் வழியே வராமல், வளைவின் உட்புறமாக நெருங்கி வரும். லாரி வழிவிடுவதாக எண்ணி இடப்பக்க இடைவெளிக்குள் நுழையும் மோட்டார் சைக்கிள், பின்சக்கரங்களுக்கும் சாலை விளிம்புக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும்.

காற்றின் தாக்கம்

பெரிய ஊர்தியை முந்தும்போது அதன் மறைப்பில் காற்றுக் குறைந்து, முகப்பைத் தாண்டியவுடன் திடீரெனக் காற்று தள்ளும். இருவழிச் சாலையில் எதிரே வேகமாகக் கடக்கும் பேருந்தும் இத்தகைய வீச்சை உண்டாக்குகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற இடங்களில், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் பக்கக்காற்று வலுவாக வீசும். காற்றாலைகள் அப்பகுதியில் மிகுந்திருப்பதற்கும் இக்காற்றே காரணம். அங்கு வேகத்தைக் குறைத்து, முழங்கால்களால் எரிபொருள் கலத்தை அணைத்து, கைப்பிடியை இறுக்காமல் பிடித்துச் செல்வது நிலைத்தன்மை தரும்.

சைகைகளும் அவற்றின் குழப்பமும்

நெடுஞ்சாலையில் ஓட்டுநர்கள் ஒருவரோடொருவர் விளக்கு, ஒலிப்பான், கை ஆகியவற்றால் பேசிக்கொள்கின்றனர். ஆயினும் ஒரே சைகைக்கு எல்லோரும் ஒரே பொருள் கொள்வதில்லை.

முகப்பு விளக்கை விட்டுவிட்டு எரித்தல், பிரித்தானிய நெடுஞ்சாலை விதித்தொகுப்பின்படி தன் இருப்பை அறிவிப்பதற்கு மட்டுமே உரியது. ஆனால் அங்கு பலர் அதை "நீங்கள் முதலில் செல்லுங்கள்" என்னும் பொருளில் கையாள்கின்றனர். இந்தியாவில் அது பெரும்பாலும் "நான் வருகிறேன், வழிவிடு" என்று பொருள்படும். இப்பொருளைத் தலைகீழாக எடுத்துக்கொண்டால் நேர் மோதல் நிகழக்கூடும்.

லாரி ஓட்டுநர்கள் பின்வருபவருக்கு முந்த வழியுண்டு அல்லது இல்லை எனத் தெரிவிக்க இண்டிகேட்டரைப் பயன்படுத்துவதுண்டு. அதே விளக்கு லாரி திரும்பப்போவதையும் குறிக்கலாம். எனவே பிறர் தரும் இசைவுச் சைகையை ஓர் உதவியாகக் கொள்ளலாமேயன்றி, தன் கண்ணால் எதிர்த்திசையைக் காணாமல் அதை நம்பி முந்தக் கூடாது. திரும்பிய பின் அணைக்க மறந்த இண்டிகேட்டரும் இவ்வாறே பிறரைத் தவறாக வழிநடத்தும்.

ஒலிப்பானை அளவோடு பயன்படுத்துவதும் மரியாதையின் பகுதி. லாரிகளின் பின்புறம் ஒலியெழுப்பச் சொல்லி எழுதும் வழக்கம் இந்தியாவில் பரவலானது. அவ்வகையில் "ஹார்ன் ஓகே பிளீஸ்" என்று எழுதுவதை, ஒலி மாசைக் கருதி, மகாராட்டிர அரசு 2015 ஆம் ஆண்டில் தடை செய்தது.

சந்திப்புகளும் தடுப்பு இடைவெளிகளும்

நான்குவழிச் சாலையின் நடுத்தடுப்பில் ஊர்களுக்கு அருகே விடப்படும் இடைவெளிகள் விபத்துக்கு இடமளிப்பவை. அங்கு ஊர்திகள் திரும்பும், மக்கள் கடப்பர். திரும்பக் காத்திருக்கும் காரின் ஓட்டுநர் தன்னைப் பார்த்துவிட்டதாக மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் எண்ணிவிடக் கூடாது. காரின் முன்சக்கரம் சுழலத் தொடங்குகிறதா என்பதே நம்பத்தகுந்த அறிகுறி. நின்றுகொண்டிருக்கும் பேருந்தைக் கடக்கும்போது, அதன் முன்னிருந்து பயணி ஒருவர் வெளிப்படலாம் என எதிர்பார்க்க வேண்டும்.

அடுத்த திருப்பம் தொலைவில் உள்ளது என்பதற்காக எதிர்த்திசையில் ஓட்டுவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-க்கு 2019 ஆம் ஆண்டில் செய்யப்பட்ட திருத்தம், இதனை ஆபத்தான ஓட்டுதல் என்னும் குற்றத்துக்குள் வெளிப்படையாகச் சேர்த்தது.

இரவும் மழையும்

எதிரே ஊர்தி வரும்போது முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்துதல் சாலை மரியாதைகளுள் மிகப் பழையது. மற்றவர் தாழ்த்தாவிட்டால், பதிலுக்குத் தானும் உயர்த்துவது இருவரையும் குருடாக்கும். வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இட ஓரக் கோட்டில் வைத்துக் கடப்பதே பாதுகாப்பானது. விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரி, பின்விளக்கு இல்லாத டிராக்டர் இழுவை, கால்நடைகள், அறுவடைக் காலத்தில் சாலையில் உலர்த்தப்படும் தானியம் ஆகியவை இரவில் எதிர்பார்க்க வேண்டிய இடையூறுகள். விளக்கொளி எட்டும் தொலைவுக்குள் நிற்கக்கூடிய வேகமே இரவுக்குரிய வேகம் ஆகும்.

மழையின் முதற்சில நிமிடங்களில், சாலையிலுள்ள எண்ணெயும் தூசியும் நீரில் கலந்து வழுக்கும். வெள்ளைக் கோடுகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள் ஆகியவையும் ஈரத்தில் பிடிப்பிழக்கும். இவற்றின்மேல் திடீர் பிரேக்கும் திடீர்த் திருப்பமும் கூடா.

தலைக்கவசமும் பின்னிருக்கைப் பயணியும்

"அரேபிய லாரன்சு" எனப்பட்ட தா. எ. லாரன்சு 1935 மே மாதத்தில் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் காயமுற்று இறந்தார். அவருக்குச் சிகிச்சையளித்த மருத்துவர்களுள் ஒருவரான நரம்பு அறுவை மருத்துவர் இயூ கெய்ர்ன்சு, பின்னர் இத்தகைய காயங்களை ஆராய்ந்து 1941 இல் தலைக்கவசத்தின் பயனைக் காட்டும் கட்டுரையை வெளியிட்டார். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, தலைக்கவசம் இறப்பு வாய்ப்பை ஏறத்தாழ 42 விழுக்காடும், தலைக்காய வாய்ப்பை 69 விழுக்காடும் குறைப்பதாக மதிப்பிட்டது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னிருக்கையில் சென்றவர்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 129 ஆம் பிரிவு, ஓட்டுநரும் பின்னமர்பவரும் தலைக்கவசம் அணிவதைக் கட்டாயமாக்குகிறது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு விலக்கு உண்டு. தமிழ்நாட்டில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையை அடுத்து, 2015 சூலை 1 முதல் இவ்விதி கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டது. தலைக்கவசம் ஐ.எஸ். 4151 தரத்துக்குரிய ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். தாடைப் பட்டையைப் பூட்டாத கவசம் மோதலின்போது கழன்றுவிடும். ஒருமுறை கடுமையாக அடிபட்ட கவசம் வெளியே நன்றாகத் தோன்றினாலும் மாற்றப்பட வேண்டும்.

பின்னிருக்கையில் ஒருவர் மட்டுமே அமரலாம். இருபுறமும் கால் போட்டு அமர்வது, ஒருபக்கமாக அமர்வதைவிட நிலையானது. சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காதவாறு செருகப்பட வேண்டும். பின்சக்கரத்தின் பக்கத்தில் மறைப்பு அமைத்தல் சட்டப்படியான தேவையாகும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையுடன் செல்கையில் பாதுகாப்புப் பட்டையும், குழந்தைக்குரிய தலைக்கவசமும், 40 கி.மீ. வேக வரம்பும் 2023 பெப்ரவரி முதல் நடைமுறைக்கு வந்தன.

பிற ஓட்டுநர்களின் கடமைகள்

இந்நெறியின் பாதி, மோட்டார் சைக்கிளில் செல்லாதவர்களைச் சார்ந்தது. கார், பேருந்து, லாரி ஓட்டுநர்கள் கவனிக்க வேண்டியவை:

* வலப்புறம் திரும்பும் முன்னும், தடம் மாறும் முன்னும், மோட்டார் சைக்கிள் வருகிறதா எனத் தனியே ஒருமுறை நோக்குதல்.
* மோட்டார் சைக்கிளை முந்தும்போது, காருக்கு விடுவது போலவே முழுத் தடத்தையும் விட்டுக் கடத்தல். பள்ளத்தைத் தவிர்க்க அது எக்கணமும் விலக நேரும்.
* இருவழிச் சாலையில் எதிரே மோட்டார் சைக்கிள் மட்டுமே வருகிறது என்பதற்காக, அதைச் சாலையிலிருந்து கீழே இறக்கிவிடும் வகையில் முந்தாதிருத்தல்.
* முந்தியவுடன் இடப்புறம் வெட்டி நிறுத்தாதிருத்தல்.
* சாலையோரம் நிறுத்திய காரின் கதவைத் திறக்கும் முன் பின்னே நோக்குதல்.
* ஓடும் ஊர்தியிலிருந்து எச்சில், குப்பை, தண்ணீர் ஆகியவற்றை வெளியே எறியாதிருத்தல். மழையில் தேங்கிய நீரைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்தல்.

குழுவாகச் செல்லுதல்

பல மோட்டார் சைக்கிள்கள் சேர்ந்து செல்லும்போது, ஒரே தடத்தில் ஒன்று வலமும் அடுத்தது இடமுமாக, மாறிமாறி அமையும் வரிசை கையாளப்படுகிறது. இருவர் இணையாகப் பேசிக்கொண்டு செல்லக் கூடாது. பிற ஊர்திகள் இடையே புகுந்து செல்ல இடம் விட வேண்டும். குழுவினர் ஒவ்வொருவரும் சாலையைத் தாமே நோக்கி முந்த வேண்டும். முன்சென்றவர் முந்திவிட்டார் என்பது பின்வருபவருக்குச் சான்றாகாது.

விபத்து நேர்ந்தால்

முதலில் பின்வரும் ஊர்திகளை எச்சரித்து, மேலும் மோதல் நிகழாமல் தடுக்க வேண்டும். மருத்துவ ஊர்திக்கு 108 என்னும் எண்ணையும், தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்னும் எண்ணையும் அழைக்கலாம். அடிபட்டவருக்கு மூச்சுத் தடைப்பட்டால் அன்றி, பயிற்சியற்றவர்கள் அவரது தலைக்கவசத்தைக் கழற்ற முயலக் கூடாது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் தண்டுவடம் சேதமுறலாம்.

காவல்துறை விசாரணைக்கு அஞ்சிப் பலர் உதவத் தயங்குவதைக் கருதி, உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு இந்திய உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில் சட்ட வலிமை அளித்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இதற்கென 134அ பிரிவைச் சேர்த்தது. தமிழ்நாட்டில் 2021 திசம்பரில் தொடங்கப்பட்ட "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குவதற்கானது.

பிற நாடுகளில்

மலேசியாவின் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கென்றே தனிப்பாதை உள்ளது. சப்பானில் விரைவுச்சாலைகளில் பின்னிருக்கைப் பயணிக்கு இருந்த தடை, ஓட்டுநரின் வயது, பட்டறிவு ஆகியவற்றுக்கான வரையறைகளுடன் 2005 இல் நீக்கப்பட்டது. நெரிசலில் தடங்களுக்கு நடுவே செல்வதை, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2016 இல் இயற்றிய சட்டத்தால் வெளிப்படையாக ஏற்றது. இலங்கையில் 2011 இல் திறக்கப்பட்ட தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கு இசைவு அளிக்கப்படவில்லை.

இவற்றையும் பார்க்கவும்

* தலைக்கவசம்
* சாலைப் பாதுகாப்பு
* தேசிய நெடுஞ்சாலை (இந்தியா)
* மோட்டார் வாகனச் சட்டம், 1988
* முதலுதவி